புள்ளிக்கோட்டின் அந்தப் பக்கம்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் உன் அத்தானும் நலம். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? லிஃப்ட் மோட்டார் அறைக்கு ஏறும்போது இடுப்புக்கு பெல்ட் போட்டுக்கொள் என்று எத்தனை தடவை சொல்வது. போனில் பேசினால் என் காது பாதி வார்த்தையைத்தான் பிடிக்கிறது. அந்தப் பாதியை வைத்து நமக்குள் சண்டை வந்துவிடுகிறது. ஆகவே இனிமேல் கடிதம்தான்.

ஜூலை பன்னிரண்டில் அம்மாவுக்கு எண்பது வயது முடிகிறது. அதற்குள் நம் குடும்பத்தின் ஐந்து தலைமுறையையும் ஒரே தாளில் வரைந்து, அச்சடித்து, வீட்டுக்கு ஒன்று கொடுக்க வேண்டும் என்று சித்தப்பா முடிவு செய்திருக்கிறார். முடிவு செய்வது அவர் வேலை, வரைவது என் வேலை. முப்பத்தோரு வருஷம் நில அளவை ஆபீசில் உட்கார்ந்து ஊரார் இடத்துக்கெல்லாம் எல்லை வரைந்தவள், சொந்தக் குடும்பத்துக்கு வரைய முடியாது என்று எப்படிச் சொல்வது?

முதல் பிரதியை டிரேசிங் தாளில் போட்டு இதோடு அனுப்புகிறேன். பெயர், வருஷம் எல்லாம் சரிதானா என்று மட்டும் பார். மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். உன் நண்பர் பல் டாக்டரை விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜனவரி 23

அன்புள்ள அக்காவுக்கு,

முதுகு நலம். பெல்ட்டும் நலம், அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. அம்மாவின் முழங்கால் எப்படி?

முதலில் ஒரு திருத்தம். அவன் பல் டாக்டர் இல்லை. டாக்டர் பல்லைப் பிடுங்குகிறவர். பிடுங்கிய இடத்துக்குப் புதுப் பல் செய்கிறவன் இவன். பதினெட்டு வருஷமாக இதைச் சொல்லிவருகிறேன், நீயும் பதினெட்டு வருஷமாக அவனுக்குப் பதவி உயர்வு கொடுத்து வருகிறாய்.

தாளை மேஜையில் விரித்து இரண்டு பேரும் பார்த்தோம். உன் கைக்கு வயசே ஆகவில்லை. பெயர்கள் சரி, வருஷங்கள் சரி. அப்புறம் என் கட்டத்துக்கு வந்தோம். அதிலிருந்து ஒரு புள்ளிக்கோடு கிளம்பி, பக்கத்தில் ஒரு வெற்றுக் கட்டத்தில் போய் முடிகிறது. உள்ளே ஒன்றும் எழுதவில்லை. அவன் அந்தக் கட்டத்தை விரலால் ஒருமுறை சுற்றினான். பிறகு, "உங்க அக்கா என்னையும் போட்டிருக்காங்கடா" என்றான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். அந்தத் தாள் இப்போது அவன் வேலை மேஜைக்கு மேலே, பிளாஸ்டர் அச்சுகளுக்குப் பக்கத்தில், சுவரில் இருக்கிறது.

அக்கா, நீ கேட்டதில்லை, நான் சொன்னதில்லை. உனக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று உனக்கும் தெரியும், அப்படியே காலம் ஓடிவிட்டது. இப்போது சொல்லிவிடுகிறேன். அவன் என் அறைத்தோழன் இல்லை. நீயும் அத்தானும் எப்படியோ அப்படித்தான் நாங்களும். உங்களைவிடக் கொஞ்சம் சண்டை குறைவு.

ஒரே ஒரு சந்தேகம். உனக்கும் அத்தானுக்கும் நேர்க்கோடு போட்டிருக்கிறாய். எங்களுக்கு ஏன் புள்ளிக்கோடு? எங்கள் தொழிலில் வயரிங் படத்தில் புள்ளிக்கோடு இருந்தால் இன்னும் இணைப்புக் கொடுக்கவில்லை என்று பொருள். எங்களுக்கு இணைப்புக் கொடுத்து ரொம்ப நாளாகிறது.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. மாடியில் தண்ணீர்த் தொட்டி ஒழுகிச் சுவரெல்லாம் ஈரம். அம்மாவுக்கு முழங்காலில் புதிதாக ஒரு தைலம் தேய்க்கிறோம், வீடெல்லாம் அதே வாசனை. அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீ சொன்னது எனக்குப் புதிது இல்லை. உனக்குப் பத்தொன்பது வயசு இருக்கும்போதே எனக்குத் தெரியும். எப்படி என்று கேட்காதே, அக்காக்களுக்குத் தெரியும்.

புள்ளிக்கோடு ஆபீஸ் பழக்கம். இன்னும் அளந்து முடிக்காத எல்லைக்கு அப்படித்தான் போடுவோம். வேறொன்றும் இல்லை.

கட்டத்துக்குள் என்ன எழுதுவது என்பதுதான் சிக்கல். 'நண்பர்' என்று போட்டால் போதாதா? இப்போதெல்லாம் அதற்கு ஏதேதோ வார்த்தைகள் சொல்கிறார்கள். பேப்பரில் பார்க்கிறேன், ஒன்றும் வாயில் நிற்கவில்லை. நம் காலத்தில் இதற்கெல்லாம் பெயரே கிடையாது. சின்னத் தாத்தா, அதாவது நம் தாத்தாவின் தம்பி, கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஒரு தையல்காரரோடு நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார். 'தனிக்கட்டை' என்று சொல்லி முடித்துக்கொண்டார்கள். அவரும் உன்னைப் போலத்தானா? அவருக்கும் அந்த வார்த்தைகளில் ஒன்றைப் போட்டுவிடலாமா?

அன்புடன்,
அக்கா


மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

தைல வாசனை கடிதத்திலேயே வந்துவிட்டது. நாங்கள் நலம். போன வாரம் பதினோராவது மாடியில் ஒரு வக்கீல் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறக்கும் வரைக்கும் யார் யார் மேல் வழக்குப் போடுவேன் என்று பட்டியல் படித்துக்கொண்டிருந்தார். என் பெயரும் அதில் இருந்தது.

வார்த்தையைப் பற்றிக் கேட்டாயே, எனக்குப் பிடித்த விஷயம். ஒரு நூலகத்தில் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன இடத்தில்தான் இதைக் கற்றேன். மூன்றாவது மாடியில் ஒரு கூட்டம் நடந்தது. ஒரு பெண்மணி 'கே' என்ற வார்த்தையைச் சாதாரணக் குரலில், காய்கறிப் பெயர் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தார். அதுவரை நான் அதைத் திட்டாகத்தான் கேட்டிருந்தேன். வேலை முடிந்தும் நான் கீழே இறங்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். அவன்தான் இவன்.

ஆணை ஆண் விரும்புவது புதிது இல்லை, அக்கா. எந்த ஊர்ப் பழைய எழுத்தைப் புரட்டினாலும் எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும். ஆனால் வெகுகாலம் அது ஒரு செயல், அவ்வளவுதான். சில இடத்தில் தண்டித்தார்கள், சில இடத்தில் கண்டுகொள்ளவில்லை. 'இவன் இப்படிப்பட்ட ஆள்' என்று ஆளுக்கே ஒரு பெயர் வந்து நூற்றைம்பது வருஷத்துக்குக் கொஞ்சம் மேல்தான் ஆகிறது. அதுவும் எங்கே தெரியுமா? ஒருவர் இன்னொருவருக்கு எழுதிய தனிக் கடிதத்தில். இவர்களைச் சிறையில் போடும் சட்டத்தை எதிர்த்து வாதாடியவர் உண்டாக்கிய சொல் அது, ஹோமோசெக்சுவல். டாக்டர்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் நோய்ப் பட்டியலில் ஒட்டிவிட்டார்கள். எழுபதுகளில்தான் அங்கிருந்து அடித்து நீக்கினார்கள், அதுவும் எங்கள் ஆட்கள் அவர்களுடைய மாநாட்டுக்குள்ளேயே புகுந்து சத்தம் போட்ட பிறகு. இதற்கிடையில் எங்கள் ஆட்களே தங்களுக்கு ஒரு பெயர் எடுத்துக்கொண்டார்கள்: கே. ஆங்கிலத்தில் அதற்குப் பழைய பொருள், குஷியாக இருக்கிறவன். சட்டம் வைத்த பெயரும் இல்லை, ஆஸ்பத்திரி வைத்த பெயரும் இல்லை. அதனால்தான் எனக்கு அது பிடிக்கும். தமிழில் தன்பாலீர்ப்பாளர் என்று ஒரு சொல் இருக்கிறது, அதுவும் நல்ல சொல்தான். லிஃப்ட் பொத்தான் பக்கத்தில் எழுத இடம் போதாது, அவ்வளவே.

சின்னத் தாத்தா தலையில் என் வார்த்தையை ஏற்றாதே. நான் அதை விரும்பி எடுத்துக்கொண்டேன். அவரிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாரோ, செருப்பைக் கழற்றியிருப்பாரோ, யாருக்குத் தெரியும். ஆனால் தையல்காரரை விட்டுவிடாதே. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்தார்கள் என்பது தெரிந்த விஷயம். அதை மட்டும் எழுது. 'தனிக்கட்டை' என்பது பச்சைப் பொய். இரண்டு பேர் இருந்த வீட்டில் எங்கிருந்து வந்தது தனிக்கட்டை?

எங்கள் கட்டத்தில் 'துணைவர்' என்று போடு. நண்பர்கள் எனக்கு நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அன்புடன்,
தம்பி


மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

அம்மாவுக்குச் சளி, மற்றபடி நலம். அந்த டிரேசிங் தாளைத் திருப்பி அனுப்பிவிடு. அதில் ஒரு பிழை இருக்கிறது. திருத்தி வேறு அனுப்புகிறேன்.

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மாவின் சளி குறைந்ததா? ஆவி பிடிக்கச் சொல்.

தாளை அனுப்ப முடியாது. அவன் கண்ணாடிச் சட்டம் போட்டுவிட்டான். வேலை கொடுக்க வரும் டாக்டர்களுக்கெல்லாம் காட்டுகிறான். "இதோ இங்க இருக்கிறது நான்தான்" என்று வெற்றுக் கட்டத்தைத் தொட்டுக் காட்டினால் அவர்களும் தலையாட்டுகிறார்கள், பாவம். ஜூலைக்கு நாலு நாள் லீவு சொல்லிவிட்டான். பதினெட்டு வருஷத்தில் நம் வீட்டுக்கு அவனை யாரும் கூப்பிட்டதில்லை. அவனும் கேட்டதில்லை, நானும் அழுத்தவில்லை. அது என் தப்பு. இந்தத் தடவை வருகிறோம்.

ஆனால் உன் கடிதம் எனக்குச் சரியாகப் படவில்லை. நாலு பக்கம் எழுதுகிறவள் நாலு வரி எழுதினால் ஏதோ இருக்கிறது. யாராவது ஏதாவது சொன்னார்களா? என்ன பிழை? மென்று விழுங்காமல் சொல்.

அன்புடன்,
தம்பி


மே 19

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. ஆறு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதி எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். இன்று கிழிக்கப்போவதில்லை.

அந்தக் கட்டம் அவருக்காகப் போட்டது இல்லை.

உனக்கு முப்பது வயசானபோது வீட்டில் எல்லோரும் உன் கல்யாணத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நீ வெளியூரில் இருந்துகொண்டு பேச்சை மாற்றுவாய். இங்கே இருந்து கேட்டவள் நான். அம்மா தினமும் அழுவாள். சித்தப்பா வாரம் ஒரு ஜாதகத்தோடு வருவார். ஒருநாள் பெண் வீட்டாரைக் கையோடு கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். அவர்கள் போனதும் என் வாயில் என்ன வந்ததோ, "அவனுக்கு ஒரு பொண்ணு இருந்தா சித்தப்பா. கல்யாணம் பேசற சமயத்துல பஸ் ஆக்சிடெண்ட்ல போயிட்டா. அவன் இன்னொருத்தியை நினைக்க மாட்டான். இனிமே யாரும் அவன்கிட்ட இதைப் பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன். வாயை மூடிய பிறகுதான் என்ன சொன்னேன் என்றே எனக்குத் தெரிந்தது.

அதோடு ஜாதகம் நின்றது. உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று எனக்குப் பெருமைகூட இருந்தது. ஆனால் அம்மா விடவில்லை. அந்தப் பெண் எப்படி இருப்பாள், பாடுவாளா, கோபக்காரியா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். நானும் ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டே போனேன். நீள முடி என்றேன். இடது கைக்காரி என்றேன். பல் வரிசை அழகு என்றேன். அம்மா அவளுக்காக இன்றுவரைக்கும் அழுகிறாள். குடும்பப் படம் வரையப்போகிறேன் என்றதும் முதலில் சொன்னது, "அந்தப் பொண்ணுக்கும் ஒரு இடம் போடும்மா, நம்ம வீட்டுக்கு வர வேண்டியவ." கல்யாணம் நடக்காததால் புள்ளிக்கோடு. எழுத்துப் போடக் கை வரவில்லை. வெறும் கட்டமாக உனக்கு அனுப்பிவிட்டேன். நீ கவனிக்கமாட்டாய் என்று நினைத்தேன்.

போன வாரம் சித்தப்பா வந்தார். "என்னம்மா, அந்தப் பொண்ணு கட்டம் இன்னும் காலியாவே இருக்கு? அச்சுக்குப் போற நேரத்துல என்ன யோசனை?" என்றார். அப்போதுகூட என்னால் சொல்ல முடியவில்லை. நீயும் உன் துணைவரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைப் படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என்னை மன்னித்துவிடு.

அக்கா


ஜூன் 2

அக்காவுக்கு,

இரண்டு பேரும் நலம். ஒருவன் விஷயம் தெரியாமல் நலம்.

இப்போதுதான் புரிகிறது. ஒவ்வொரு தடவை ஊருக்கு வரும்போதும் பெரியம்மாக்கள் என் கன்னத்தைத் தொட்டு உச்சுக்கொட்டுவார்கள். நான் இளைத்துவிட்டேன் என்று நினைத்து இங்கே திரும்பி வந்து இரண்டு பங்கு சாப்பிடுவேன். என் தொப்பைக்கும் நீதான் பொறுப்பு.

சிரித்தாகிவிட்டது. இனி கோபம். என்னைக் காப்பாற்ற வேண்டும் என்று நான் உன்னைக் கேட்கவில்லை. நான் ஒளிந்துகொண்டு வாழவில்லை, அக்கா. என் வேலை இடத்தில் தெரியும், தெருவில் தெரியும், வீட்டுக்காரருக்குத் தெரியும். என் வீட்டில் மட்டும்தான் தெரியாது. அங்கேயும் ஒருநாள் தெரிந்திருக்கும். ஆனால் நீ அவன் உட்கார வேண்டிய இடத்தில் ஒரு பிணத்தை உட்காரவைத்துவிட்டாய். உயிரோடு இருக்கிற பெண் என்றால் போட்டியாவது போடலாம். செத்துப்போனவளிடம், அதுவும் பிறக்காமலே செத்துப்போனவளிடம், யாரால் ஜெயிக்க முடியும்?

அவனிடம் நான் இன்னும் சொல்லவில்லை. இன்று காலைகூட அந்தச் சட்டத்தைத் துடைத்தான். எனக்கு இப்படி வலித்தது கிடையாது.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். அம்மாவிடம் நீ சொல்ல வேண்டும். நான் சொல்ல வேண்டியதை ஜனவரியிலேயே உன்னிடம் சொல்லிவிட்டேன். பெண்ணைக் கொன்றது நீ, அப்படி ஒருத்தியே இல்லை என்று சொல்லவேண்டியதும் நீ. சொல்லிவிட்டு அவனை நேர்க்கோட்டில் போடு. முடியாது என்றால் என் கட்டத்தையும் அழித்துவிடு. ஜூலைக்கு எங்களை எதிர்பார்க்காதே. அம்மாவுக்குப் போனில் வாழ்த்துச் சொல்லிவிடுகிறேன். மிரட்டல் இல்லை, கணக்கு அவ்வளவுதான்: இரண்டு பேர், அல்லது ஒருவரும் இல்லை.

தம்பி


ஜூன் 21

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாள் நான் அம்மாவைத் தனியாகச் சந்திக்காமல் தப்பித்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லிவிட வேண்டும். போன வாரம் ஒருநாள் காலையில் அம்மாவுக்குத் தலைவாரிக்கொண்டிருந்தேன். பின்னால் நின்றதால் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. சொல்லிவிட்டேன். பெண் இல்லை, பஸ் இல்லை, ஆக்சிடெண்ட் இல்லை. அவன் கே, அவனுக்குத் துணை ஒரு ஆண், பதினெட்டு வருஷமாக ஒரே வீடு. நீ சொல்லிக்கொடுத்த வார்த்தையைத்தான் சொன்னேன். அம்மா என்னவென்று கேட்டாள், நீ எழுதியதைப் படித்துக் காட்டினேன். அந்தப் பழைய வார்த்தை கடிதத்தில் பிறந்தது என்பதை இரண்டாம் தடவை படிக்கச் சொன்னாள்.

அம்மா கத்தவில்லை. சீப்பை வாங்கிக்கொண்டாள். "இடது கைக்காரின்னு சொன்னியேடி" என்றாள். "அதுவும் பொய்தான்மா" என்றேன். "எதுக்குடி அவ்வளவு அழகா சொன்னே?" என்றாள்.

நீ கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, அம்மா அடுத்து சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "எனக்கு அவன் சொன்னது எல்லாம் புரியலை. புரியறதுக்கு நாளாகும். ஆனா பதினெட்டு வருஷமா இல்லாத பொண்ணுக்காக உட்கார்ந்து அழுதிருக்கேன். இருக்கிற பையனைச் சாப்பிட்டியான்னு ஒரு நாள் கேட்கலையே." அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. எனக்கு வேண்டியதுதான்.

சித்தப்பா எதிர்பார்த்தபடியே குதித்தார். "இதெல்லாம் அச்சுல வருமா? நாலு பேர் பார்ப்பாங்க" என்றார். அவருக்கு நான் ஆபீஸ் முறையில் பதில் சொன்னேன். பக்கத்துப் பக்கத்து இடத்துக்காரர்கள் இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட எல்லைக்கு நேர்க்கோடுதான் போட வேண்டும், மூன்றாம் மனிதர் ஆட்சேபத்துக்கு இடமில்லை. துணைவர் பெயர் அச்சில் வேண்டாம் என்றால் வரைந்தவள் கையெழுத்தும் இருக்காது, வேறு ஆளைப் பாருங்கள் என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். மறுநாள் அச்சகத்து முகவரியை அனுப்பிவைத்தார்.

நேர்க்கோடு போட்டு, கட்டத்துக்குள் பெயரோடு 'துணைவர்' என்றும் எழுதியாகிவிட்டது. சின்னத் தாத்தாவுக்குப் பக்கத்தில் தையல்காரரையும் போட்டேன், 'ஒரே வீட்டில் வாழ்ந்தவர்' என்று மட்டும். வருவீர்களா?

அன்புடன்,
அக்கா


ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அம்மாவின் முழங்காலையும் உன் தூக்கத்தையும் விசாரித்ததாக வைத்துக்கொள்.

அவனிடம் சொல்லிவிட்டேன். எழுந்து போய்ச் சட்டத்தைச் சுவரிலிருந்து இறக்கினான். அந்தக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "அப்ப இத்தனை நாளா நான் காட்டினது அந்தப் பொண்ணு சீட்டையா?" என்றான். அன்று ஒரு பல் செட்டை மூன்று தடவை மெழுகில் செய்து மூன்று தடவையும் உருக்கினான்.

மறுநாள் டீ குடிக்கும்போது சொன்னான்: "அந்தப் பொண்ணு இல்லேன்னா உன்னை முப்பது வயசுல யாராவது ஒருத்திக்குக் கட்டிவெச்சிருப்பாங்க. நீ மாட்டேன்னு நின்னிருப்பே, சரி. உங்க அம்மா அழுகைக்கு முன்னாடி எத்தனை நாள் நின்னிருப்பே?" நான் இவ்வளவு தைரியமாகப் பேசுகிறேனே, அந்த வயசில் எனக்கு இவ்வளவு இருந்ததா என்று சத்தியமாகத் தெரியவில்லை. அவன் உன்னை மன்னித்துவிட்டான். நான் இன்னும் அந்த அளவுக்கு வரவில்லை. வந்துவிடுவேன், அவசரப்படுத்தாதே.

பதினோராம் தேதி காலை ரயிலில் வருகிறோம். இரண்டு பேரும். ஸ்டேஷனுக்கு நீ வா. அத்தானை அனுப்பாதே, நீயே வா. வண்டியை விட்டு இறங்கியதும் நம் தெருக்காரர்கள் யாராவது நிற்பார்கள், எப்போதும் நிற்பார்கள். அவனைப் பார்த்துவிட்டு, "இவர் யாரு?" என்று உன்னிடம்தான் கேட்பார்கள். நான் வாய் திறக்கமாட்டேன். நீ பதில் சொல். என்னைப் பற்றி அந்த ஊருக்கு நீதான் இதுவரை பேசினாய், இதையும் நீயே பேசு. நீள முடி, இடது கை எல்லாம் வேண்டாம். ஒரே வார்த்தை போதும்.

அன்புடன்,
தம்பி